கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவன்

என் அண்ணன் ஃப்ளோரியனை எனக்குத் தெரியாது என்று ஒருமுறை சொன்னேன். சொன்னபோது அவன் என்னிடமிருந்து எட்டடி தூரத்தில் நின்றிருந்தான்.

1991, மார்ச் மாதக் கடைசி. பெரிய லீக்கில் புதிதாக இரண்டு பேஸ்பால் அணிகளைச் சேர்ப்பதாக இருந்தார்கள். அந்த இரண்டு இடத்துக்கு ஆறு ஊர்கள் வரிசையில் நின்றன. டென்வர் நின்றது, மயாமி நின்றது, எங்கள் பஃபலோவும் நின்றது. எங்களிடம் சின்ன லீக் அணி ஒன்று இருந்தது, நல்ல மைதானம் இருந்தது, கோடையில் கூட்டம் பிதுங்கும். ஆனால் இரும்பாலை மூடி எட்டு வருஷமாகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பற்றிப் பேசினால் பனியைப் பற்றியோ பூட்டிய ஆலையைப் பற்றியோதான் பேசினார்கள். ஒரு பெரிய லீக் அணி வந்துவிட்டால் அந்தப் பேச்சு மாறிவிடும் என்று முடிவெட்டுபவரிலிருந்து பாதிரியார் வரை நம்பினார்கள். நானும் நம்பினேன். நான் வக்கீல். அணியைக் கொண்டுவர ஊர்ப் பெரிய மனிதர்கள் அமைத்திருந்த குழுவுக்குச் செயலாளர்.

ஃப்ளோரியன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. இருபது வருஷம் உலைக்கு முன்னால் நின்று, என்னைக் கல்லூரிக்கும் பிறகு சட்டப் படிப்புக்கும் அனுப்பியவன் அவன்தான். ஆலை மூடியதும் தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, போலிஷ் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலைச் சுட்டு விற்க ஆரம்பித்தான். கோடையில் மைதானத்து வாசல். குளிர்காலத்தில் நீதிமன்றத்து வாசல்.

நான் படியேறும் அதே நீதிமன்றம். என்னைப் பார்த்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான்.

"டேய் நார்பி! கேஸ் ஜெயிச்சியாடா? தோத்தாலும் பரவால்ல, வா, தின்னுட்டுப் போ! பட்டினியா வாதாடினா ஜட்ஜுக்கு வயிறு சத்தம்தான் கேக்கும்!"

மற்ற வக்கீல்கள் சிரிப்பார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். அவர்கள் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கு மட்டும் காது சுடும். அந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு வாசல் இருந்தது. நாளடைவில் அதுதான் என் வாசல் என்றாகிவிட்டது.

அணி வந்தால் வருஷம் முழுவதற்கும் இருக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று மக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். எவ்வளவு படிவம் சேர்கிறதோ அவ்வளவு பலம். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் கட்டுக்கட்டாகக் கொடுத்தன. ஃப்ளோரியன் வண்டியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, சாசேஜ் வாங்க வந்தவர்களை எல்லாம் விடாமல் பிடித்தான். தனி ஆளாக எண்ணூறுக்கு மேல். அவன் மனைவி ஐரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அவற்றை விரித்து, கலைந்த எழுத்தையெல்லாம் தெளிவாக எழுதி, சாசேஜுக்குத் தடவும் கடுகு விழுதின் கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். முழுக்கப் போகாது. பெட்டியைத் திறந்தால் கடுகு வாசனைதான் முதலில் வரும். குழுவின் கூட்ட அறையில் மற்றவர்களுடைய படிவங்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தோம். அண்ணனுடைய பெட்டியை நான் மாடியில் பழைய நாற்காலிகளோடு வைத்தேன். பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

லீக்கிலிருந்து ஆறு பேர் எங்கள் ஊரைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. அரை நாள் இருப்பார்கள். குழு நியூயார்க்கிலிருந்து டேவன்போர்ட் என்ற ஆலோசகரை வரவழைத்தது. ஒல்லியான மனிதர், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என்னை ஒருநாள் மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனார்.

"இது சின்ன லீக் ஊர்னு அவங்களுக்கு ஒரு நிமிஷம் தோணிச்சுன்னாக்கூட முடிஞ்சது, நார்பர்ட். வாசல்ல நிக்கிற ரசிகர்களை நீங்களே தேர்ந்தெடுங்க. சுத்தமா உடுத்தின குடும்பங்களா இருக்கட்டும். இந்தத் தள்ளுவண்டிக்காரங்க, கத்துறவங்க, இவங்கல்லாம் அன்னிக்கு ஒரு நாள் கண்ணுல படக்கூடாது."

தலையாட்டினேன். எந்த வண்டி, யாருடைய வண்டி என்று நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை மைதானத்துப் பக்கம் வண்டிகளைச் சுகாதாரத் துறை சோதனை போடப்போகிறது, வராதே என்றேன். பொய்.

"சோதனை போட்டா போடட்டுமே. என் வண்டி மாதாகோயிலைவிட சுத்தம்டா."

"சொன்னாக் கேளு ஃப்ளோரி. அன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்."

"சரிப்பா, வண்டி வராது" என்றான். வண்டி வராது என்றுதான் சொன்னான். நான் அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஏரியிலிருந்து காற்று வீசியது. மழையும் பனியும் கலந்து சாய்ந்து விழுந்தது. இந்த நாளில் போய் இந்த மழையா என்று குழுவினர் வானத்தைத் திட்டினார்கள். மைதானத்து வாசலில் கம்பளம் விரித்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நான் தேர்ந்தெடுத்த குடும்பங்களை நிறுத்தியிருந்தேன். பஸ் வந்தது. ஆறு பேரும் இறங்கிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். கடைசியாக இறங்கியவர் ஹாலிஸ்டர், தெற்கே ஓர் அணியின் சொந்தக்காரர், எழுபது வயதிருக்கும், கைத்தடியோடு நடந்தார். அவருக்குக் குடை பிடித்துக் கூட்டிவரும் வேலை எனக்கு.

பாதி வழி வந்திருப்போம்.

"நார்பி! டேய் நார்பி! இந்தா!"

குடும்பங்களுக்குப் பின்னாலிருந்து முண்டியடித்துக்கொண்டு கயிறு வரை வந்துவிட்டான். என் கல்யாணத்துக்குத் தைத்த பழுப்பு சூட்டைப் போட்டிருந்தான். வயிற்றில் பொத்தான் மாட்டவில்லை. தலையில் எங்கள் அணியின் தொப்பி, அதன்மேல் நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பை. கையில் படிவக் கட்டு ஒன்று. கடைசியாகச் சேர்ந்தவற்றை என்னிடம் கொடுக்க வந்திருக்கிறான். வண்டியைக் கொண்டுவரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.

ஹாலிஸ்டர் நின்றார். "உங்களைத்தான் கூப்பிடுறாரோ? தெரிஞ்சவரா?"

எனக்குப் பின்னால் டேவன்போர்ட் வருவது தெரிந்தது. என் முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"இல்ல சார். தெரியாது. எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாரே."

அவனுக்குக் கேட்டது. கேட்டதா இல்லையா என்று சந்தேகப்பட எனக்கு வழியே இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கி, படிவக் கட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது.

பெரியவர் என் குடையைவிட்டு வெளியே போனார். நேராகக் கயிற்றடியில் போய் நின்றார்.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"என் தம்பியை சார்" என்றான் ஃப்ளோரியன். என் பக்கம் திரும்பவே இல்லை. "இங்கதான் இருந்தான். கூட்டத்துல எங்கயோ போய்ட்டான்."

"உங்க பேரு?"

எங்கள் குடும்பப் பெயர் வ்ரோபெல். என் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது. ஃப்ளோரியன் ஒரு நொடி யோசித்தான்.

"சிகோரா சார். ஃப்ளோரியன் சிகோரா."

அது எங்கள் அம்மா பிறந்த வீட்டுப் பெயர்.

"சரி சிகோரா, ஒண்ணு கேக்கறேன். ஏப்ரல்ல ஆட்டம் ஆரம்பிக்கும். இந்தக் குளிர்ல யார் வந்து உக்காருவா?"

"நான் சாசேஜ் விக்கறவன் சார். வெயில்ல வர்றவன் ஒண்ணு வாங்குவான். பனியில வர்றவன் ரெண்டு வாங்குவான். தின்ன ஒண்ணு, கையில பிடிச்சுக் குளிர்காய ஒண்ணு. எங்க ஊர்க்காரன் வீட்ல இருக்க மாட்டான் சார். வீட்லயும் குளிருதே!"

ஹாலிஸ்டர் உடம்பு குலுங்கச் சிரித்தார். கையிலிருப்பது என்ன என்று கேட்டு, கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மீதியை ஃப்ளோரியன் பக்கத்தில் நின்ற காவலரிடம் கொடுத்தான். "குழுவுல யாராவது இருந்தா குடுத்துடுங்க." கூட்டத்துக்குள் போய்விட்டான். அந்தப் பிளாஸ்டிக் பை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

மதிய விருந்தில் ஹாலிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார், "நீங்க போட்டுக் காட்டின படங்களைவிட வாசல்ல நின்ன அந்த ஆள் நல்லாப் பேசினார்." குழுத் தலைவர் என் பக்கம் குனிந்து, "யாருப்பா அது?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விசாரிக்கிறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். வருஷா வருஷம் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் ஊர் பிராட்வே சந்தையில், ஈஸ்டர் மேசையில் வைக்கும் ஆட்டுக்குட்டி வடிவ வெண்ணெயை வாங்கிக்கொண்டு போவது என் வேலை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு வேலை. அதற்கடுத்த ஞாயிறு வெளியூர். ஐரீன் போன் செய்தாள்.

"என்ன நார்பி, பெரிய லீக் வர்றதுக்கு முன்னாடியே நீ பெரிய ஆளாய்ட்டியா? முட்டைக்கோஸ் உருண்டை பண்ணியிருக்கேன், வா."

குரலில் வெறும் கேலிதான். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு அலுவலகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் முடிவு தெரிந்தது. டென்வரும் மயாமியும். எங்கள் ஊரில் ஒருவாரம் துக்கவீடு மாதிரி இருந்தது. கண்ணாடி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் 'திரு. ஃப்ளோரியன் சிகோரா' என்று எழுதி, குழுவின் முகவரி போட்டிருந்தது. எங்கள் தட்டச்சுப் பெண் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள்.

"இப்படி யாரும் இங்க இல்லையே சார்."

"குடும்மா. எனக்குத் தெரியும் அவரை."

அந்த மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவும் அவளிடம்.

மதியம், மைதானத்து வாசல். ஆட்டமில்லாத நாள். வண்டிக்கு முன்னால் யாருமில்லை. என்னைப் பார்த்ததும் அவன் கத்தவில்லை. ஒரு சாசேஜை எடுத்துக் கம்பிமேல் போட்டான். கடிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்து, உதடு அசைய வாசித்தான். ஹாலிஸ்டர் சில வரிகள்தான் எழுதியிருந்தார்: உங்கள் ஊருக்காகப் பேசினேன், என் பேச்சு போதவில்லை, வருந்துகிறேன், என்றாவது வந்தால் பனி நாளில் வருகிறேன்.

"நல்ல மனுஷன்" என்றான். "அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. அவ பேருக்கு ஒரு லெட்டர்."

"ஃப்ளோரி, அன்னிக்கு நான்…"

"சாசேஜ் கருகுது, இரு."

திருப்பிப் போட்டான். அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்கு ராத்திரியே விட்டுட்டேன்டா. வேலையில இருந்தான், பக்கத்துல பெரிய மனுஷங்க, வாய் தவறிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வருவான், ரெண்டு வாங்கு வாங்கலாம், சரியாப்போயிடும்னு இருந்தேன். நீ வரல. அடுத்த வாரமும் வரல. பதினோரு ஞாயிறு உனக்கும் சேர்த்துத் தட்டு வெச்சுட்டு, ஐரீன்கிட்ட நான் பொய் சொல்லிக்கிட்டிருந்தேன். அவனுக்கு வேலை, அவனுக்குக் காய்ச்சல். எனக்குப் பொய் வராதுடா. உனக்காக எத்தனைதான் சொல்றது?"

"வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு? என்னைப் பத்தியா, உன்னைப் பத்தியா?"

நேர்மையாகச் சொல்வதென்றால் முதலில் அவனைப் பற்றி, பிறகு என்னைப் பற்றி. வருஷக்கணக்காகப் பின்வாசல் வழியே போய்வந்தவன் நான். கயிற்றடியில் சொன்னது வாய் தவறியது அல்ல. அது அவனுக்குத் தெரியாது. அன்று அதையும் சொன்னேன். பின்வாசலையும், மாடியில் நாற்காலிகளோடு கிடந்த பெட்டியையும், சுகாதாரத் துறைப் பொய்யையும்.

வாய் தவறியதாக நினைத்து மன்னித்தவனிடமிருந்து அந்த மன்னிப்பையும் நான் பறித்துக்கொண்டிருந்தேன். சாசேஜ் கருகியே போனது. எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வா" என்றான் கடைசியில். "வந்து ஐரீன்கிட்ட நீயே சொல்லு. எல்லாத்தையும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

போனேன். சூப் முடிந்ததும் சொன்னேன். ஐரீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கடுகுக் கறைக்காகப் படிவங்களை ஒளித்து வைத்தேன் என்ற இடம் வந்தபோது தன் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள். ஃப்ளோரியன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. உப்பு டப்பியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

நான் முடித்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா, மிஸ்டர் வ்ரோபெல்?"

ஃப்ளோரியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஐரீன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. நான் தவறாமல் போகிறேன், அவள் தவறாமல் எனக்குப் பரிமாறுகிறாள். நார்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.