மச்சான் வராத சவாரி

நனைந்த துண்டை சைக்கிளின் பின்கேரியரில் காயப் போட்டு ஓட்டினால் பத்து கிலோமீட்டரில் அப்பளமாகக் காய்ந்துவிடும். நுனியை முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் போடவில்லை. ஒரு மேடு இல்லை, ஒரு வளைவு இல்லை, குறுக்கே வர ஓர் ஆடுகூட இல்லை. அப்படிப்பட்ட சாலையில், காலை பத்து மணிக்கு, துண்டு பின்சக்கரத்துக்குள் போக, நான் சாலைக்குள் போனேன். முழங்கை தோல் உரிந்தது. மூன்று ஸ்போக்ஸ் கம்பிகள் போய்விட்டன.

சைக்கிளை ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு ரிப்பேர் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் கம்பி மாற்றிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்தார்.

"இன்னும் அறுபது கிலோமீட்டர் போகணும்ணே. தாங்குமா?"

"தாங்கும் சார்."

"நிச்சயமா?"

"உடையற வரைக்கும் தாங்கும்."

அறுபது கிலோமீட்டரில் என் தங்கை வீடு. அவள் கணவன், அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிறவன், என் மச்சான். எட்டு வருடம், வருடத்துக்கு ஒரு வாரம், இருவரும் சேர்ந்தே சைக்கிளில் ஊர் சுற்றினோம். இரண்டு வருடமாக அவன் வருவதில்லை. போன் செய்தால் தங்கைதான் எடுப்பாள். முதல் தடவை மூட்டு வலி. அடுத்து லீவு இல்லை. கடைசியாக, "பூனை குட்டி போட்டிருக்குண்ணா" என்றாள்.

"அதுக்கு அவனா பால் குடுக்கப் போறான்?"

போனை வைத்துவிட்டாள். அதனால்தான் நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ஊர் சுற்ற எனக்கு வேறு துணை கிடையாது. ஊர் சுற்றாவிட்டாலும் கிடையாது.

மதியம் எதிர்காற்று ஆரம்பித்தது. அடுப்பைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டியதுபோல் ஒரு காற்று. பாட்டில் தண்ணீரில் குளிக்கலாம், குடிக்க முடியாது. மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருடமும் முன்னால் போனவன் அவன். காற்றை அவன் நெஞ்சு வாங்கிக்கொண்டது. நான் பின்சக்கரத்தை ஒட்டி, பாதி உழைப்பில், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். ஒரு நாளாவது நான் அவனிடம் "நீ பின்னால வா" என்று சொன்னதில்லை.

இதுதான் காரணம். மன்னிப்புக் கேட்டுவிடலாம். வழியில் வந்த மைல்கல் ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பழகினேன். எல்லாம் மன்னித்துவிட்டன.

ஆறு மணிக்குத் தங்கை கதவைத் திறந்தாள். "ஐயையோ, என்னண்ணா இது கோலம்?"

"அவன் எங்க?"

"குளிக்கிறார்."

குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது.

"குளிக்கப் போறார்" என்று திருத்தினாள்.

கொல்லைப்புறத்தில் அவன் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். செயினில் புது எண்ணெய். டயரில் நேற்றைய தார். கேரியரில் பை இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"எங்க போயிட்டு வந்தே?"

"சும்மா. ஒரு நாலு நாள்."

"மூட்டு?"

"இருக்கு."

மைல்கற்களிடம் சொன்னதை அவனிடமும் சொன்னேன். காற்று, அவன் நெஞ்சு, என் பாட்டு, எல்லாம். தங்கை தண்ணீரோடு வந்து, "முதல்ல குடிண்ணா, அப்புறம் பேசலாம்" என்றாள். அவன் கையைக் காட்டி அவளை உள்ளே அனுப்பினான்.

"காத்தா? யாராவது ஒருத்தன் முன்னாடி போய்த்தானே ஆகணும்? அது ஒரு விஷயமா?" துணியைக் கீழே வைத்தான். "கடைசித் தடவை வெயில் தாங்காம, ரோட்டுலயே எனக்கு வயித்தால போச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?" என்று சிரிக்க ஆரம்பித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"என்னைக் கழுவி விட்டது நீ. உன் துணியக் கட்டிவிட்டது நீ. சாகற வரைக்கும் அத மறக்க மாட்டேன். ஆனா எம்பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி, நான் எப்படிக் கால அகட்டி நடந்தேன்னு நடந்து காட்டினே. எல்லாரும் சிரிச்சாங்க. எம்பொண்ணும் சிரிச்சா."

நான் வாயைத் திறந்தேன்.

"இரு, முடிச்சுடறேன். தனியாப் போனா, வழியில எனக்கு என்ன ஆனாலும் அது என்னோட போயிடும், மச்சான். உன்கூட இனிமே வர மாட்டேன்."