துரு ஏறாத அரிவாள்

ஹரிதாஸுக்கு ஆயர் குரோ பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் பழுது பிடிக்கும் வேலை. நாளெல்லாம் பிளாஸ்டிக் மூடிகள் கண்முன்னால் ஓடும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவான். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் ஏமாந்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் இவன் சறுக்கியதில் விழுந்தது இவன் இல்லை, இவனுடைய அப்பா.

அப்பா காளிமுத்து, மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசாரியாக இருந்தவர். இருபது வருடத்துக்கு முன்னால் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடிக்க ஆள் வந்தபோது, சாமியை அவசர அவசரமாகப் புது இடத்துக்குத் தூக்கினார்கள். சிலை வந்தது, மணி வந்தது. பித்தளைத் திரிசூலம் பதித்த சாமி அரிவாள் மட்டும் வரவில்லை. சாவி யாரிடம் இருந்தது? காளிமுத்துவிடம். போதாதா ஊருக்கு? நான் எடுக்கவில்லை என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. வீட்டில் யாராவது அரிவாள் பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்த அரிவாளைத் தேடிப் பிடித்து, யார் கையிலிருந்து வந்தது என்ற விவரத்தோடு ஊர் முன்னால் வைக்கவேண்டும். அப்பா கண்ணை மூடுவதற்குள் அவர் பேரை மீட்கவேண்டும். ஹரிதாஸுக்கு இருந்த ஒரே வெறி அதுதான்.

இணையத்தில் பழம்பொருள் விற்கும் பக்கங்களைத் துழாவித் துழாவி, ஒரே மாதத்தில் இரண்டு அரிவாள் கண்ணில் பட்டன. இரண்டிலும் பித்தளைத் திரிசூலம். எட்டு வயதில் பார்த்ததை வைத்து எது என்று எப்படிச் சொல்வது? அதனால் படித்தான். புதுத் துரு செம்மண் மாதிரி விரலில் ஒட்டும், பழைய துரு கறுத்துப்போய்க் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பளபளப்பாக இருந்தால் பட்டறையிலிருந்து நேற்று வந்தது. இதையெல்லாம் வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பையன் வேதமாக எடுத்துக்கொண்டான்.

முதல் அரிவாள் பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. மருந்துக்கும் துரு இல்லை. 'மெர்லிமாவ் தோட்டத்தில் லயம் இடித்த குத்தகைக்காரரிடம் வாங்கியது' என்று விற்பவர் தானாகவே போட்டிருந்தார். கதை விடுகிறான் என்று ஹரிதாஸ் தள்ளிவிட்டான். இரண்டாவதில் கறுத்த துரு, குழி, தேய்ந்த பிடி. படித்ததெல்லாம் பொருந்தியது. ஆசை முட்டிக்கொண்டு வர, விற்பவருக்கு அவனே எழுதினான்: 'பாஸ், இது மெர்லிமாவ் தோட்டத்து முனியாண்டி கோயிலுடையதா? லயம் இடித்த குத்தகைக்காரன் விற்றதா?' அந்த ஆள் ஆமாம் ஆமாம் என்றான். சொல்லமாட்டானா பின்னே?

ஆடிப் பூசைக்கு அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். விஷயத்தைச் சொல்லவில்லை. கோயில் தலைவர் தங்கையா முன்னால் மஞ்சள் துணியைப் பிரித்தபோதுதான் காளிமுத்துவே பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"துணிய மடக்குப்பா. வீட்டுக்குப் போவோம்," என்றார் மெதுவாக.

அதற்குள் இருசம்மாள் கையில் வாங்கிவிட்டாள். தோட்டத்துக் காலத்தில் ஆடிக்கு ஆடி சாமி சாமான்களை விளக்கிவைத்தவள் அவள்.

"இது நம்ம அருவா இல்ல தம்பி."

"இருபது வருசம் ஆச்சு அத்தை. துரு ஏறியிருக்கும்லா."

"துருவா? புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்கா மட்டையால தேச்சுத் தேச்சு எண்ண பூசி வச்ச இரும்புய்யா அது. வாங்குனவனும் பளபளப்பப் பாத்துத்தான் வாங்கியிருப்பான். துரு ஏற விடுவானா?"

எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தாள். கறுப்பு, ஷூ பாலீஷ் மாதிரி வழிந்து வந்தது. அடியில் மெஷின் கல் பிடித்த கோடு. குழிகளெல்லாம் ஒரே ஆழம். திராவகம் தின்ற குழி.

ஹரிதாஸ் கைப்பேசியில் அந்தப் பளபளப்பானதைத் தேடினான். படத்தைப் பெரிதாக்கினான். இரும்பு முழுக்க மட்டை தேய்த்த மெல்லிய கோடுகள். அன்றைக்கே அவன் கண்ணில் பட்ட கோடுகள்தான். பட்டறைக் கோடு என்று ஒதுக்கியவை. கீழே 'விற்றாகிவிட்டது' என்றிருந்தது.

"ஆன்லைன்ல வாங்குனேன் மாமா. இந்தா, பேசுனதெல்லாம் இருக்கு," என்று கைப்பேசியை நீட்டினான். தங்கையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தோட்டம், குத்தகைக்காரன், எல்லாத்தையும் நீயேதானடா மொதல்ல எழுதியிருக்க? கதையையும் சொல்லிக் குடுத்து, டூப்ளிகேட்டும் செய்ய வச்சியா? அப்பன் வித்தான், மகன் கழுவப் பாக்குறான். சாமிய வச்சு விளையாடுறியா? போலீஸ் ரிப்போட் போட்டாத்தான் சரி."

காளிமுத்து முன்னால் வந்தார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னைக்கு எடுத்தது நான்தான். வித்ததும் நான்தான். இதச் செய்யச் சொன்னதும் நான்தான். அசல்னு நம்பித்தான் புள்ள தூக்கிட்டு வந்தான்."

"அப்பா! பொய் சொல்லாதீங்கப்பா!"

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். எழுபது வயதுக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. இருபது வருடம் அடித்துக் கேட்காத குறையாகக் கேட்டும் வராத வார்த்தை, இவனுக்காக வந்துவிட்டது. இனி முனியாண்டியே இறங்கி வந்து இல்லை என்றாலும் யாரும் நம்பப்போவதில்லை.

தங்கையா பெருமூச்சு விட்டார். "இத அப்பவே சொல்லியிருந்தா தீந்துபோயிருக்கும்லா," என்றார். போலீஸ் பேச்சு அதோடு நின்றது. பூசை நடந்தது. பொங்கல் தட்டு சுற்றி வந்தது.

இருசம்மாளுக்கு ஹரிதாஸைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீ என்ன பண்ணுவ தம்பி, அப்பன் செஞ்சதுக்கு?" என்று ஒரு கரண்டி கூடவே எடுத்து நீட்டினாள். பக்கத்தில் நின்ற காளிமுத்துவைத் தாண்டித் தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

வேண்டாம் என்று தட்டிவிட ஹரிதாஸுக்குக் கை துடித்தது. அப்பா அவனைப் பார்த்து, வாங்கிக்கொள் என்று தலையை அசைத்தார். அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.