மாதாமாதம் அதே கோப்பு

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் உரிமையாளரை எல்லோரும் 'கால் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தான் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்குக் 'கம்ப்யூட்டரம்மா' என்று பெயர். வயது முப்பத்தாறுதான். அந்த 'அம்மா'வில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று காலை கால் டாக்டர் போனில் கேட்டது ஒரு சின்ன உதவி. போன வருடம் தபால்காரப் பெண் ஒருத்திக்குச் செய்து கொடுத்த காலில், முட்டிக்குக் கீழே பொருந்தும் கிண்ணம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அப்போது கருவி வைத்து அளவெடுத்த படம் இருந்தால் அச்சு அசலாக இன்னொன்று செய்து அனுப்பிவிடலாம், அவள் வர வேண்டியதே இல்லை. ஆனால் கணினியில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அவர் போன மாதம் அழித்துவிட்டார்.

"அதான் உங்க பேக்கப்ல இருக்கே. அந்தத் தைரியத்துலதான் அழிச்சேன்" என்றார்.

தபால்காரப் பெண் மூன்று வாரமாக விடுப்பில் இருந்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் திரும்பாவிட்டால், தெருத்தெருவாக நடக்கும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவளை உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்தச் சொல்லிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள் கம்ப்யூட்டரம்மா.

பட்டறை முழுக்க மாவுக்கட்டுத் தூசி. அலமாரியில் ரப்பர் பாதங்கள் அளவு வாரியாக நின்றன. மூலையில் இருந்த கணினியை ஊதித் துடைத்து உட்கார்ந்து, பேக்கப் பட்டியலில் தபால்காரப் பெண்ணின் எண்ணைத் தேடினாள். இல்லை. அவளுக்கு முன்னால் அளவு கொடுத்தவரின் படத்தைத் தேடினாள். அதுவும் இல்லை. கடிதங்கள் இருந்தன, யார் எப்போது வர வேண்டும் என்ற அட்டவணைகள் இருந்தன. கால்களின் படம் ஒன்றுகூட இல்லை. 

தினசரிக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தபோது விஷயம் புரிந்தது. அந்தக் கணினியின் ஆன்டிவைரஸ் ரொம்பக் கறார். பெரிய கோப்பு எதையாவது யாராவது தொட்டால் போதும், உடனே பிடித்துவைத்துக்கொண்டு தலை முதல் கால் வரை துழாவும். மதியம் நகல் எடுக்க வரும் பேக்கப் நிரல் அரை நிமிஷம் காத்துப் பார்க்கும், பிறகு 'பயன்பாட்டில் உள்ளது, தவிர்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடைசியில் 'முடிந்தது' என்று பச்சையில் ஒரு டிக் போடும். இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தன. பத்து மாதமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத்தானே மாதாமாதம் சோதனை? வேறு யாரும் செய்யாததை நான் செய்கிறேன் என்று அவள் பெருமை அடித்துக்கொள்வதே அதை வைத்துத்தான். பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டு, திறந்து காட்டி, எந்தக் கோப்பு என்று தாளில் எழுதிக் கால் டாக்டரிடம் கையெழுத்து வாங்குவாள். முதல் மாதம் கைக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. இரண்டாம் மாதம் அவசரத்தில் அதையே எடுத்தாள். அப்புறம் கை தானாக அங்கேயே போக ஆரம்பித்துவிட்டது. பத்து மாதம், அதே கடிதம், பத்துக் கையெழுத்து.

அழித்த படங்களைக் கணினியின் வன்தட்டிலிருந்தே கிளறி எடுக்க முடியுமா என்று மத்தியானம் வரை போராடினாள். அந்த இடத்திலெல்லாம் புதுப் படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மொத்தம் பதினொரு பேருடைய அளவு போயே போய்விட்டது.

வெளியே படிக்கட்டில் நின்று, கூடவே தொழில் செய்யும் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை எதற்கும் அசராதவள்.

"ஆன்டிவைரஸ் பண்ணின வேலைன்னு சொல்லிட்டு வாக்கா. அது பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் வம்பு. ஆன்டிவைரஸுக்கு வாய் கிடையாது, பழியைத் தூக்கிப் போட அதைவிடத் தோதான ஆள் கிடைக்காது. அந்தத் தாள்களில் இருப்பது தன் எழுத்து இல்லையென்றால் அவளும் அப்படியே சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளோ என்ற எண்ணமே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போய்ப் பூசி மெழுகாமல் சொன்னாள். இரண்டு மென்பொருளும் மோதிக்கொண்டதைச் சொன்னாள். அவை மோதுவதைப் பார்க்க வேண்டியவள் தான் என்பதையும், சுலபமாக இருக்கிறதென்று ஒரே கடிதத்தைப் பத்துத் தடவை திறந்து காட்டியதையும் சொன்னாள். கால் டாக்டர் தாள்களை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல ஒண்ணைக்கூட நான் படிச்சதில்லை. உங்க முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். பேக்கப் நிரல் வந்தால் குறுக்கே நிற்காதே, உன் சோதனையை வேறு நேரத்தில் வைத்துக்கொள் என்று ஆன்டிவைரஸில் ஏற்பாடு செய்தாள். ஒரு கோப்பு விட்டுப்போனாலும் பச்சை டிக் வராதபடி மாற்றினாள். இந்தத் தடவை மீட்க வேண்டிய கோப்பைக் கால் டாக்டரையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அவர் இருப்பதிலேயே பெரியதைத் தொட்டார். அது திறந்தது. இருவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

பதினொரு பேருக்கும் தானே போன் செய்வதாக அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பத்துப் பேர் சமாளித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் பாதியில் வைத்துவிட்டார், மற்றவர்கள் அந்தப் பக்கம் வரும்போது வருகிறோம் என்றார்கள். தபால்காரப் பெண் மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"மறுபடி அளவுன்னா, வெட்டின இடத்தை மறுபடி காட்டணும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்கூட இன்னும் பார்த்ததில்லை. போன வருஷம் மூணு தடவை வந்து, கால்மேல மாட்டின உறையைக் கழட்டாமலே எழுந்து போயிருக்கேன். ஒரு தடவை காட்டினாப் போதும், இனிமே காட்ட வேண்டியதில்லைன்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் காட்டினேன்."

 கம்ப்யூட்டரம்மா மன்னிப்புக் கேட்டாள். தப்பு மென்பொருளுடையது அல்ல, தன்னுடையது என்றாள்.

"வர்றேன், வராம என்ன பண்றது? ஆனா நீங்களும் அந்த ரூம்ல இருக்கணும். நான் காட்டறப்போ தலையைக் குனியக் கூடாது."

வியாழக்கிழமை வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மேஜையில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னாள். உறையின் விளிம்பில் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே இழுப்பில் கழற்றினாள்.

கம்ப்யூட்டரம்மா குனியவில்லை. அந்தப் படங்களின் அளவும் தேதியும் அவளுக்குத் தெரியும், ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். மடித்துத் தைத்த தோல், கோணலாக ஓடும் தழும்பு, அதற்கு மேலே சின்னதாய் ஒரு மச்சம். கால் டாக்டர் கருவியைச் சுற்றிலும் மெதுவாக நகர்த்தினார்.

"எடுத்தாச்சா?"

"ஆச்சும்மா. உறையை மாட்டிக்குங்க" என்றார் கால் டாக்டர்.

அவள் மாட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரம்மாவைப் பார்த்தாள்.

"அந்தப் பேக்கப் பெட்டில போயிடுச்சா?"

போயிருக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லாமல் போய் நகல் எடுக்க வைத்தாள். நாலு நிமிஷம் ஆனது. அதுவரை அந்தப் பெண் அசையாமல், மூடாமல் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரம்மா நகலைத் திறந்து, தழும்பைத் தேடினாள், மச்சத்தைத் தேடினாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"இருக்கும்மா."

அந்தப் பெண் திரையை ஒரு தடவை, தன் காலை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் உறையைக் கையில் எடுத்தாள்.