உறை கழற்றாத காருக்கு இரண்டு பதில்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. கியூபெக்கில், லாசாலில், எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் செலீன் அக்கா ஆங்கிலத்தில் இருந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுவந்து, "தமிழிலை வாசியுங்கோ தம்பி, மகளிட்டைக் கேக்கப் பயமாக் கிடக்கு" என்றார். நான் ஐடி கம்பெனியில் மென்பொருளில் பிழை தேடுகிறவன். சட்டம் தெரியாது. (இதைப் பின்னால் சாக்காகச் சொல்வேன்.)

2

முதல் தொடக்கம்: பனி கொட்டிய அந்தக் காலையில் அருமைராசா

அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், கார் கவிழ்ந்தது; சீட் பெல்ட் கழன்றது; அக்காவின் கணவர் அருமைராசா இறந்தார்.

பாதர் வந்து ஆசீர்வதித்த புதுக் கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அக்கா விடவில்லை. அந்த உறை பெல்ட்டின் பூட்டில் சிக்கியதுதான் காரணம் என்றது கார் கம்பெனி.

3

கியூபெக்கில் இப்படியான வழக்குக்கு ஜூரி கிடையாது. அக்கா கம்பெனிமேல் வழக்குப் போட்ட அமெரிக்காவில் உண்டு. ஜூரியிடம் இரண்டு கேள்வி.

பெல்ட்டில் குறை இருந்ததா? இல்லை.

அதைத் தயாரித்ததில் கம்பெனியின் கவனக்குறைவால் அவர் இறந்தாரா? ஆம்.

என் பாத்திரங்கள் இப்படிப் பேசினால் கதையைக் கிழித்துப்போடுவேன். கம்பெனி மேல்முறையீடு செய்தது; அந்த நீதிபதிகள் கிழிக்கவில்லை. முரண்பாடு இருக்கிறது, ஆனால் ஜூரி கலையும் முன்பே கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்திருக்க வேண்டும். அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா? இனிக் கேட்க முடியாது, தீர்ப்பு நிற்கும் என்றார்கள்.*

* கொழுக்கட்டை என்னுடையது. மற்றதெல்லாம் நீதிபதிகளுடையது.

4

"வெண்டிட்டம் எண்டு எங்கடை வக்கீல் போனிலை சொன்னவர்," என்றார் அக்கா. "எனக்கு அதில்லைத் தம்பி. அவர் உறையைக் கழட்டுவம் எண்டு மூண்டு தரம் கேட்டவர். நான்தான் விடேல்லை. பிழை பெல்ட்டிலையோ, என்னிலையோ?"

இரண்டாவது பதிலை மட்டும் வாசித்தேன்.

"முதலாம் கேள்விக்கு?"

"அதுக்கும் அதேதான்க்கா. பெல்ட்லதான் குறை."

அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

5

முடிவு அ: அக்கா தீர்ப்பைப் பாதரிடம் காட்டுகிறார். (வேண்டாம். பாதருக்குப் பொய் சொல்ல வராது.)

முடிவு ஆ: நான் மாடி ஏறிப்போய் உண்மையைச்

தீர்ப்புத் தாள்கள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. "பேந்து வந்து எடுக்கிறன்" என்று போன அக்கா இதோ படியிறங்கி வருகிறார். நீங்கள் இரண்டு பதிலையும் கேட்டுவிட்டீர்கள். நான் சொன்னது தவறென்றால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். பக்கத்தை மூடிய பிறகு ஆட்சேபம் ஏற்கப்படாது.