சபையைக் காட்டிக் கொடுத்தது யார்?

சூரியன் மேற்கே உதித்ததை நான் பார்த்தேன் என்றால்கூட நீங்கள் தலையாட்டிவிட்டுப் போவீர்கள். எங்கள் போதகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என்னுதுதான்” என்று சொன்னதைக் கேட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். கேட்டேன். மண்டபமே கேட்டது. என் மைத்துனன் மட்டும், “அத்தானுக்கு வயசாயிடுச்சு, கனவு கண்டிருப்பாரு” என்று சொல்லித் திரிந்தான். சபையில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதெல்லாம் அவன் கையசைவுதான்.

வினை தொலைக்காட்சி வழியாக வந்தது. ஒரு நகைச்சுவைத் தொடரில் கேலிப் போதகர் ஒருவர் முளைத்தார். சுகமளிக்கும் கூட்டத்தில் லேசான தலைவலிக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைப்பார். நடக்க முடியாதவர்களைக் கேமரா எட்டாத மூலைக்குத் தள்ளுவார். எங்கள் சபை கொதித்த கொதிப்பில் ஓர் ஊருக்கே சோறு வடித்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஒருவரும் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் தானாக வந்து காதில் விழுந்ததாம். நடுவில் வந்த விளம்பரப் பாட்டுகூட எல்லாருக்கும் மனப்பாடம்.

சாத்தானின் சதி என்று திட்டி முடித்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. நம் வீட்டுச் சங்கதி தொடர் எடுத்தவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்று முதல் ஜெபத்தில் எல்லாரும் ஒரு கண்ணைத்தான் மூடினார்கள்; மற்றது பக்கத்து இருக்கையைக் காவல் காத்தது. கடைசியில் பழி தையல்கார அக்கா தலையில் விழுந்தது. பாடகர் குழுவின் முதல் குரல் அவள். படப்பிடிப்புக்காரர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவள். கணவரோ சக்கர நாற்காலியில் வருபவர். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆராதனை முடிந்ததும் மைத்துனன் எழுந்தான். “பாஸ்டர், அக்கா ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா பாட்டுக் குழுவுல இடம் இல்ல.”

“நான் அங்க அளவு எடுக்கப் போறேன் தம்பி, கதை சொல்லப் போகல,” என்றாள் அக்கா. பாட்டைவிட்டால் அவளுக்கு வேறு ஆறுதல் கிடையாது.

செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலிருந்து அவள் கணவர் பேசினார். “அவளை விட்டுடுங்க பாஸ்டர். வாராவாரம் கூட்டத்தை நீங்கதான் நெட்ல போடுறீங்க. இத்தனை வருஷ வீடியோவுல ஒரு சக்கர நாற்காலிகூட இல்ல. பாக்கிறவனுக்குப் புரியாதா?”

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். கடைசி வரிசைவரை நடந்துபோய், அந்த நாற்காலியைத் தாமே தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். பிறகு மைக்கை எடுத்தார்.

“சொல்லிக் குடுத்தது யாருன்னு தேடினோம். சொன்னது நிஜமான்னு ஒருத்தரும் கேக்கல. தப்பு என்னுதுதான். நம்மளைப் பாத்துச் சிரிக்கிறவன்மேல கோவப்படறதுக்கு முன்னாடி, நாம எங்க தப்புப் பண்றோம்னு பாக்கணும். அக்கா, நீங்க பாடுங்க.”

அவள் பாடிய பாட்டில் கூரை ஒரு சாண் உயர்ந்தது.

போன வாரம் புதிதாக வந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். “கதை விடாதீங்க பெரியவரே” என்று அவர் சிரித்தார். முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்தான்.

“நடந்துச்சுங்க,” என்றான். “அக்கா வீட்டுக்காரரைப் பின்னாடி தள்ளி வெச்சதே நான்தான்.”