இறக்கைக்கு வைத்த சந்தனம்

காற்றைப் போல நன்றிகெட்டது எதுவும் கிடையாது. மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டியவள் சொல்கிறேன்.

கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில், விசிறி வைத்துக் காற்றைச் செலுத்தும் காற்றுச் சுரங்கத்தில், நானே வளைவு வரைந்து செய்த மர இறக்கையை வைத்து ஆராய்ச்சி. அதன் முதுகில் வரிசையாகக் கம்பளி நூல் ஒட்டியிருந்தேன். காற்று இறக்கையை ஒட்டிப் போனால் நூல் படிந்து கிடக்கும். பிரிந்துவிட்டால் பேயாட்டம் ஆடும். காற்றாலைக்கு ஆக வேண்டுமானால் பன்னிரண்டு டிகிரி சாய்வு தாங்க வேண்டும். என்னுடையது எட்டிலேயே ஆடிவிடும். 1994 முடிவதற்குள் தேறாவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம் இல்லை.

ஆயுத பூஜை முடிந்து வந்து பார்த்தால், லேப் அட்டெண்டர் சுப்பையன் இறக்கையின் முன்விளிம்பு நெடுகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். துடைக்கத் துணி எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். கோட்டைமேட்டுத் தாஜுன்னிசா பூஜைச் சந்தனத்தைத் துடைத்தாள் என்ற பேச்சு எதற்கு? அப்படியே காற்றைத் திறந்தேன். பன்னிரண்டிலும் நூல்கள் படிந்தே கிடந்தன. முந்தின வாரம் வளைவைக் கொஞ்சம் இழைத்திருந்தேன். அதுதான் பலித்தது என்று நினைத்து அழுதேவிட்டேன்.

கமிட்டி வந்தது. என் கைடு வரதராஜுலு சாரும், வெளியூர்ப் பேராசிரியை கனகம் அம்மாவும் சுரங்கத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்றார்கள். எட்டு டிகிரியில் நூல்கள் ஆடத் தொடங்கின. சுப்பையனிடம் திரும்பினேன்.

"ஏனுங்கண்ணா, இறக்கையை யாராச்சும் தொட்டாங்களா?"

"நாந்தானுங்க அம்மணி. பெரியவங்க வாராங்கன்னு பொட்டெல்லாம் தொடச்சுப்போட்டேனுங்க."

அப்போதுதான் உறைத்தது. காய்ந்த பொட்டின் மேட்டில் பட்டுக் காற்று கலங்கியிருக்கிறது. கலங்கிய காற்றுதான் இறக்கையை விடாமல் ஒட்டிப் போயிருக்கிறது. சந்தனம் குழைத்து வரச் சொல்லி மறுபடி வைத்தேன். அது காய்ந்ததும் காற்றைத் திறந்தேன். பன்னிரண்டில் நூல்கள் படிந்தன.

கனகம் அம்மா அலமாரியைக் காட்டினார். மாணவர்கள் பழகுகிற சாதா இறக்கை ஒன்று நூலோடு கிடந்தது.

"அதுலயும் வெச்சுப் பாரு கண்ணு."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்பதுபோல வரதராஜுலு சார் என்னைப் பார்த்தார். நானே பொட்டு வைத்தேன்.

பன்னிரண்டில் படிந்தது. பதினான்கிலும் படிந்தே கிடந்தது. என் இறக்கை பொட்டு வைத்தும் பதிமூன்றைத் தாண்டியதே இல்லை. மூன்று வருஷம் நான் வரைந்த வளைவில் ஒன்றுமே இல்லை.

"நூலெல்லாம் நல்லாப் படிஞ்சிருச்சுங்களே அம்மணி!" என்றார் சுப்பையன், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமாங்கண்ணா," என்றேன்.