அடித்துச் சொன்ன வானிலை

மண்டல வானிலை அலுவலகத்தில் மழையைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை, உண்மையையும் சொல்வதில்லை. 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஓரிரு இடங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நனைந்தவன் அங்கே இருந்தான், நனையாதவன் வேறெங்கோ இருந்தான், அவ்வளவுதான். இதை எழுதி எழுதியே நம் வானிலைக்காரருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

அன்று காலை மட்டும் அவரால் அப்படி எழுத முடியவில்லை. ரேடார் திரையில் சிவப்பும் ஊதாவுமாக ஒரு பெரும் மேகக் கூட்டம் நேராக ஊரைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது. பால் குடிக்கிற குழந்தையிடம் காட்டினால்கூட மழை என்று சொல்லிவிடும். 'மதியத்துக்கு மேல் சூறைக்காற்றுடன் மிகக் கனமழை' என்று எழுதி, இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனார்.

இயக்குநர் போன மாதம்தான் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கனமழை என்று எச்சரித்துப் பள்ளிகளையெல்லாம் மூடவைத்தார். அன்றைக்கென்று வெயில் மண்டையைப் பிளந்தது. அதிலிருந்து எந்த அறிக்கை வந்தாலும் ஒரு படி குறைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

"மிகக் கனமழையா? கனமழைன்னு போடுங்க," என்றார். பேனா அதோடு நிற்கவில்லை. "எதுக்கு வம்பு, மிதமான மழைன்னே இருக்கட்டும். ஓரிரு இடங்களில்னு முன்னாடி சேர்த்துக்கங்க."

"சார், ரேடார்ல செக்கச்செவேல்னு இருக்கு."

"பார்த்தேன், கலர் நல்லாத்தான் இருக்கு," என்று தாளைத் திருப்பித் தள்ளினார்.

அறிக்கையை அப்படியே வெளியிட்டுவிட்டு, ஊர் எப்படியோ போகட்டும் என்று வானிலைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. அங்கே மெஷினும், அலமாரி கொள்ளாமல் அடுத்தவர்கள் தைக்கக் கொடுத்த துணிகளும்.

"தம்பி, ஒழுகுது ஒழுகுதுன்னு உங்க அத்தான் இன்னைக்குக் கூரை ஓட்டைப் பிரிச்சு ஷீட் போட ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காரு. மழை வருமா, வராதா? உங்க அறிக்கையைப் படிச்சேன், ஒரு எழவும் புரியல."

'வரும்' என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். காரணம் அத்தான். மச்சினன் சொல்வதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். மழை என்று சொன்னால் மெத்தையை எடுத்து வெயிலில் போடுவார். வெயில் என்று சொன்னால் ரெயின்கோட்டை மாட்டிக்கொள்வார். கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் அவர் நனைந்ததில்லை. இன்றைக்கு மழை என்று சொன்னால், "அப்ப கண்டிப்பா வராது, ஏறுங்கடா மேல" என்பார். அக்காவின் பிழைப்பு தண்ணீரில் போய்விடும்.

ஆகவே படித்த மூளை வேலை செய்தது.

"ஒரு சொட்டு விழாதுக்கா. நான் பொறுப்பு. தாராளமா பிரிக்கச் சொல்லு."

போனை வைத்தவர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, டீ வரவழைத்து ரசித்துக் குடித்தார்.

மதியம் ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மனசு கேட்காமல் போன் செய்தார்.

"அத்தான் வேலையை நிறுத்திட்டாராக்கா?"

"ஏன் நிறுத்தணும்? முழுசாப் பிரிச்சாச்சு. முதல்ல முரண்டுதான் பிடிச்சாரு. நான் விடல. 'நான் பொறுப்புன்னு என் தம்பி என்னைக்காவது சொல்லியிருக்கானா? இன்னைக்கு அடிச்சுச் சொல்றான், ஒரு தடவையாவது அவனை நம்புங்க'ன்னு சண்டை போட்டேன். அப்புறம் சரின்னுட்டாரு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அக்கா, உடனே மூடச் சொல்லு. மழை வருது."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "இப்ப மழைங்கறானா? அப்ப வராது. நிதானமா சாப்பிட்டுட்டு ஏறலாம்."

வழியில் ஒரு கடையில் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு அவர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. முன்னறைக்குக் கூரை என்று ஒன்று இல்லை. அத்தான் ஏணியில் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டக் கட்ட, காற்று அதைப் பிடுங்கியது. அக்கா மெஷினை உள்ளே தள்ளியிருந்தாள். துணிகளை அள்ள நேரமில்லை; யாருடைய புதுச் சட்டையின் சாயமோ யாருடைய வெள்ளைப் பாவாடையிலோ ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒவ்வொருவருக்கும் அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

தொப்பலாக நின்ற தம்பியைப் பார்த்ததும் அவள் தன் கஷ்டத்தை மறந்துவிட்டாள். காய்ந்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

"இவ்வளவு பெரிய மழை, உங்க மெஷின் காட்டலையாடா? விடு, நீ என்ன பண்ணுவ. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாமலா இருந்திருப்ப?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"தெரியும்க்கா. காலையிலேயே தெரியும். இன்னைக்குக் கொட்டித் தீர்க்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

துவட்டிய கை நின்றது. ஏணியிலிருந்து அத்தான் குனிந்து பார்த்தார்.

"அவன் பேச்சை நம்பாத. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றார்.

அக்காவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. மறுபடி துவட்டத் தொடங்கினாள்.